மிக்சோமட்டோசிஸ்: முயலின் எதிர்ப்புத்திறன் பரிணமித்த வரலாறு

மிக்சோமட்டோசிஸ் ஐரோப்பியக் குழிமுயலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய். பெரியம்மைக் கிருமி அடங்கிய அதே குடும்பத்தைச் சேர்ந்த மிக்சோமா வைரஸ் இதை உண்டாக்குகிறது. மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் இது தொற்றாது. கால்நடை மருத்துவ நூலில் ஒரு சிறு அத்தியாயத்தோடு முடிந்திருக்க வேண்டிய இந்த நோய் பரிணாம உயிரியலில் நிலையான இடம் பிடித்துவிட்டது. ஓர் ஓம்புயிர் தன்னைக் கொல்லும் கிருமிக்கு எதிராக மாறுவதையும், அந்தக் கிருமி பதிலுக்கு மாறுவதையும், தொடங்கிய நாள் முதற்கொண்டு அளந்து பார்க்க முடிந்த மிகச் சில நிகழ்வுகளில் இது முதன்மையானது.

ஆஸ்திரேலியாவில் 1950இலும் பிரான்சில் 1952இலும் இந்த வைரஸ் முயல்களை ஒழிப்பதற்காக வேண்டுமென்றே விடப்பட்டது. முதலில் ஏறக்குறைய எல்லா முயல்களையும் கொன்றது. பிறகு வைரசின் வீரியம் தணிந்தது. முயலின் எதிர்ப்புத்திறன் உயர்ந்தது. பாடநூல்கள் பல இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டு, கிருமியும் ஓம்புயிரும் நாளடைவில் சமாதானமாகிவிடும் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டி வந்தன. அடுத்த அறுபது ஆண்டுகளின் தரவுகள் அந்த முடிவை ஏற்கவில்லை.

பின்னணி

நோயைத் தாங்கும் ஆற்றல் பரம்பரையாக வரும் என்பது உழவர்களுக்கு எப்போதும் தெரிந்ததே. கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபென் 1905இல் கோதுமையின் மஞ்சள் துரு நோய்க்கான எதிர்ப்புத்திறன் மெண்டலின் விதிப்படியே தலைமுறை தாண்டுகிறது எனக் காட்டினார். ஆனால் காட்டு உயிர்களில் நோயே இயற்கைத் தேர்வின் பெரிய சக்தியாக இருக்கலாம் என்ற எண்ணத்தை அழுத்தமாக முன்வைத்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்குக் குடிவந்து 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். 'நோயும் பரிணாமமும்' என்ற அவருடைய கட்டுரை 1949இல் வெளியானது.

மலேரியாவும் அரிவாள்செல் மரபணுவும் இதற்கு மனிதரில் கிடைத்த முதல் வலுவான சான்று. ஆன்டனி ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தத் தொடர்பை நிறுவினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள்செல் மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் கண்டிருந்தனர். ஆயினும் மலேரியா மிகப் பழைய நோய். தேர்வு நடந்து முடிந்து விட்டுச்சென்ற தடயம்தான் அங்கே கிடைக்கும். தேர்வு நடப்பதைக் காண முடியாது. முயலில் அது கண்ணெதிரே நடந்தது.

ஆஸ்திரேலியாவில் முயல்

1788இல் முதல் கப்பல் தொகுதியோடே வீட்டு முயல்கள் சிட்னிக்கு வந்துவிட்டன. அவை பெரிதாகப் பரவவில்லை. நாட்டை விழுங்கிய கூட்டத்தின் மூலம் வேறு. விக்டோரியா மாநிலத்தில் வின்செல்சிக்கு அருகே பார்வன் பார்க் பண்ணையை வைத்திருந்த தாமஸ் ஆஸ்டின், வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து முயல் வரவழைத்தார். 1859 கிறிஸ்துமஸ் நாளில் 24 முயல்கள் வந்திறங்கின. இன்றைய ஆஸ்திரேலியக் காட்டு முயல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே வரவின் வழித்தோன்றல்கள் என்றும், அவற்றின் மூதாதையர் தென்மேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள் என்றும் 2022இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

அரை நூற்றாண்டுக்குள் முயல் கண்டத்தின் பெரும்பகுதியை எட்டிவிட்டது. ஆட்டுக்கான புல்லை மொட்டையடித்தது. மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை வேலி போட்டது. முதல் வேலி மட்டுமே 1,833 கிலோமீட்டர். வேலி எழும்பி முடிவதற்குள் முயல் மறுபக்கம் போயிருந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1887இல் முயலை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்ததும், பாரிசிலிருந்து லூயி பாஸ்டர் தம் மனைவியின் சகோதரி மகன் அத்ரியான் லுவாரைக் கோழிக் காலராக் கிருமியோடு அனுப்பினார். சிட்னித் துறைமுகத்து ரோட் தீவில் சோதனை நடந்தது. கிருமி ஊட்டப்பட்ட முயல்கள் இறந்தன. ஆனால் நோய் முயலுக்கு முயல் தொற்றிப் பரவவில்லை. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை.

வைரஸ் வந்த வழி

1896இல் உருகுவே நாட்டின் மொண்டேவிடியோ நகரில் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் நடத்திய இத்தாலியர் ஜுசெப்பே சனரெல்லி, சோதனைக்காக வளர்த்த ஐரோப்பிய முயல்கள் திடீரென ஒட்டுமொத்தமாகச் சாவதைக் கண்டார். உடலில் கொழகொழப்பான கட்டிகள் எழுந்தன. நுண்ணோக்கியில் பாக்டீரியா எதுவும் தென்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றே காரணம் என்று 1898இல் எழுதினார். வைரஸ் என்ற கருத்தே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரேசிலில் ஓஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்து ஹென்ரிக் அரகாவ், தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் 'தப்பெட்டி' என்ற சிறு முயலே இதன் இயற்கை ஓம்புயிர் என 1940களில் உறுதி செய்தார். தப்பெட்டிக்கு இது ஒரு பொருட்டே அல்ல: கொசு கடித்த இடத்தில் சிறு கட்டி ஒன்று எழும், சில வாரங்களில் வற்றிவிடும். வெகு காலமாக ஒன்றோடொன்று பழகிவந்த இணை அது. அந்தப் பழக்கம் எதுவும் இல்லாத ஐரோப்பிய முயலில் அதே வைரஸ் காட்டும் முகமே வேறு. கடித்த இடம் நான்கைந்து நாளில் தடிக்கும். ஒரு வாரத்தில் இமைகள் வீங்கி மூடி, ஓரங்களில் பால்போன்ற சீழ் வடியும். காது கனத்துத் தொங்கும். மூக்கடைத்து மூச்சு இழுபடும். பத்துப் பன்னிரண்டு நாளில் சாவு.

ஆஸ்திரேலிய முயல்களுக்கு இதை விடலாம் என்று அரகாவ் 1918இலேயே ஆலோசனை சொல்லியிருந்தார், அது எடுபடவில்லை. பிறகு இதை விடாமல் வலியுறுத்தியவர் மெல்பர்ன் மருத்துவர் ஜீன் மக்னமாரா. இளம்பிள்ளைவாத ஆராய்ச்சிக்காக அமெரிக்கா சென்றிருந்தபோது, ரிச்சர்ட் ஷோப்பின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இந்த வைரஸ் அறிமுகமாயிற்று. 1930களில் கேம்பிரிட்ஜிலும், பிறகு தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவிலும் வறண்ட உள்நாட்டிலும் சோதனைகள் நடந்தன. வறண்ட நிலத்தில் நோய் தானாகப் பரவவில்லை என்ற முடிவோடு கோப்பு மூடப்பட்டது. கொசுவின் பங்கை அந்தச் சோதனைகள் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1950

போருக்குப் பிறகு முயல் பெருகியது. 60 கோடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அறிவியல் தொழில் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் வனவிலங்குப் பிரிவுத் தலைவர் பிரான்சிஸ் ராட்கிளிஃப், 1950இல் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சில இடங்களில் நோயூட்டிய முயல்களை விட்டார். குளிர்காலம், நோய் ஓரிரு வளைகளோடு அணைந்தது. வேலையை மூட்டை கட்டிவிடலாம் என்ற நிலையில், டிசம்பரில் ஆற்றோரம் முழுக்கச் செத்த முயல்கள் பற்றிய தகவல்கள் வரத் தொடங்கின. அந்த ஆண்டின் மழையில் தேங்கிய நீரில் கொசு கணக்கில்லாமல் பெருகியிருந்தது. ஆறுகளின் போக்கிலேயே நோய் தென்கிழக்கு ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே கோடையில் படர்ந்தது.

அதே கோடையில் மில்டுரா வட்டாரத்தில் மனிதரிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. முயல் வைரஸ்தான் ஆட்களையும் பிடித்துவிட்டது என்று மக்கள் நம்பத் தொடங்கினர். நாட்டின் முன்னணி வைரஸ் அறிஞர் மாக்ஃபர்லேன் பர்னெட், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பிராங்க் ஃபென்னர், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. தலைவர் இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் மிக்சோமா வைரசைத் தங்கள் உடலிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அமைச்சர் கேசி அதை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இப்படியொரு காரியத்துக்கு அனுமதி தராது. ஆனால் அறிக்கைகளால் அடங்காத பீதி அன்று அதனால் அடங்கியது. மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் முர்ரே பள்ளத்தாக்கு வைரஸ் என்ற வேறொரு கிருமி என்பது தெளிவாயிற்று.

வீரியம் தணிதல்

முதல் பருவத்தில் நியூ சவுத் வேல்சின் யுரானா ஏரிக் கரையில் நோய் கண்ட முயல்களில் 99.8 விழுக்காடு இறந்தன. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் இறப்பு விகிதம் 90 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் வேறு: ஆயிரத்துக்கு 2 முயல் பிழைத்த இடத்தில் 100 பிழைக்கிறது.

மாறியது எது, வைரசா முயலா? இந்த இரண்டையும் பிரித்து அளக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே உணர்ந்ததுதான் ஃபென்னரின் பெரிய பங்களிப்பு. அவர் கையாண்ட வழி எளிது. வைரசை அளக்க, முயலை மாறாமல் வைத்துக்கொண்டார்: வயல்களிலிருந்து வந்த ஒவ்வொரு வைரஸ் மாதிரியும், நோயைக் கண்டிராத ஆய்வக முயல்கள் ஐந்தாறின் தோலில் சிறு அளவில் செலுத்தப்பட்டது, அவை எத்தனை நாள் உயிரோடிருந்தன என்று குறிக்கப்பட்டது. அந்தக் கணக்கைக் கொண்டு வைரஸ்களை ஐந்து தரமாகப் பிரித்தார். முதல் தரம் 99 விழுக்காட்டுக்கு மேல் கொல்லும். சராசரியாக 13 நாளுக்குள் முடித்துவிடும். மூன்றாம் தரம் 70 முதல் 95 விழுக்காடு வரை கொல்லும். மூன்று, நான்கு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் தரத்தில் பாதிக்கு மேல் பிழைத்துவிடும். விடப்பட்டது முதல் தர வைரஸ். 1950களின் நடுவிலேயே வயல்களில் மூன்றாம் தரம் பெரும்பான்மையாகிவிட்டது. அதற்குப் பிறகும் முதல் தர வைரசை மறுபடி மறுபடி விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

காரணம் கொசுவின் வாயில் இருக்கிறது. மிக்சோமா வைரஸ் கொசுவின் உடலுக்குள் பெருகுவதில்லை. நோயுற்ற முயலின் தோல் கட்டியைத் துளைக்கும்போது உறிஞ்சு குழலில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முயலைக் குத்தும்போது இறங்குகிறது. இந்த வேலையில் கொசு ஒரு பறக்கும் ஊசி மட்டுமே. ஊசியில் ஒட்டுமளவு வைரஸ் தோலில் இருக்க வேண்டும். ஒரு கிராம் தோலுக்கு ஏறத்தாழ ஒரு கோடி தொற்றலகு என்று ஃபென்னர் குழு கணக்கிட்டது. முதல் தர வைரஸ் அந்த அளவை எளிதில் எட்டும். ஆனால் சில நாளிலேயே முயல் செத்துவிடும், செத்த முயலைக் கொசு கடிக்காது. ஐந்தாம் தரத்தில் முயல் பிழைக்கும். கட்டியோ வைரஸ் போதுமான அளவு சேருமுன் ஆறிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் தரம் முயலை வாரக்கணக்கில் நோயோடு உயிர்வாழ விடுகிறது. கொசுவுக்குக் கூடுதல் நாள், வைரசுக்குக் கூடுதல் முயல். ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் 1982இல் இந்தத் தரவுகளை வைத்தே, பரவலுக்கும் கொல்லும் திறனுக்கும் இடையிலான பேரத்தைக் கணித மாதிரியாக்கினர்.

தன் ஓம்புயிரின் நலத்தில் வைரசுக்கு அக்கறை எதுவும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பத்தில் எட்டு முயலைக் கொல்லும் கிருமியைச் சாது என்று யாரும் அழைக்க மாட்டார்கள். 'சமாதானம்' என்ற விளக்கம் இந்த எண்ணின் முன்னாலேயே தடுமாறுகிறது.

யுரானா ஏரிச் சோதனை

முயலின் பக்கத்தை அளக்க, ஃபென்னரும் இயன் மார்ஷலும் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினர்: இப்போது வைரஸ் மாறாதது, முயல் மாறுவது. யுரானா ஏரியில் ஒவ்வோர் ஆண்டும் நோய் கிளம்புமுன் பிடிபட்ட இளம் முயல்களில், இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லாதவை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்த வடிகட்டல் இன்றியமையாதது. நோய் வந்து பிழைத்த முயலுக்கு வாழ்நாள் காப்பு உண்டு. அது அந்த ஒரு முயலின் சொந்தச் சம்பாத்தியம், குட்டிக்குப் பரம்பரைச் சொத்தாகப் போகாது. நோயையே கண்டிராத முயல் அதைத் தாங்கினால்தான் அந்தத் தாங்கும் திறன் பிறப்பில் வந்தது என்று சொல்ல முடியும்.

இந்த முயல்களுக்கு, ஆய்வக முயல்களில் 90 விழுக்காட்டைக் கொல்லும் ஒரே மூன்றாம் தர வைரஸ் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் காட்டு முயல்களும் 90 விழுக்காடு இறந்தன. இடையில் ஆண்டுக்கு ஆண்டு இறப்பு குறைந்தது. ஏழு கொள்ளைநோய்ப் பருவங்களைக் கடந்த கூட்டத்தின் வாரிசுகளில் இறந்தவை ஏறத்தாழ 25 விழுக்காடுதான். மார்ஷலும் ஃபென்னரும் 1958இல் இதை வெளியிட்டனர். முயல் ஆண்டுக்குப் பல ஈற்றுப் போடும் பிராணிதான் என்றாலும், இந்த வேகத்தை அன்று பலரும் எதிர்பார்க்கவில்லை. பத்தில் ஒன்பதைக் கழிக்கும் தேர்வு எந்த மாட்டுப் பண்ணையிலும் நடக்காது. அந்தக் கடுமைதான் வேகத்தின் காரணம்.

பிழைப்பது மரபணுவால் மட்டும் தீர்மானமாகவில்லை. வெயில் கொளுத்தும் நாட்களில் நோயுற்ற முயல்களில் அதிகம் பிழைத்தன, குளிரில் அதிகம் இறந்தன என்று மார்ஷல் காட்டினார். உடல் சூடு ஏறினால் வைரஸ் பெருகுவது மட்டுப்படுகிறது. ஆஸ்திரேலியக் கோடையில் கொசுவழி வந்த நோய், எதிர்ப்புத்திறன் கொஞ்சமே இருந்த முயல்களையும் இப்படிக் கரையேற்றியிருக்கலாம். அவை ஈன்ற குட்டிகளில் அந்தக் கொஞ்சம் சேர்ந்து கூடியது.

ஐரோப்பாவில்

ஆஸ்திரேலியச் சோதனைக்கு யாரும் திட்டமிடாத மறுபதிப்பு பிரான்சில் நடந்தது. பாரிசுக்கு மேற்கே மய்புவா என்ற ஊரில் மதில் சூழ்ந்த எஸ்டேட் வைத்திருந்த ஓய்வுபெற்ற மருத்துவர் போல்-ஃபெலிக்ஸ் ஆர்மான்-தெலீல், தம் தோட்டத்து முயல்களை ஒழிக்க 1952 ஜூன் 14 அன்று இரண்டு முயல்களுக்கு வைரஸ் ஊசி போட்டு விட்டார். கிருமி லோசான் நகர ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது; ஆஸ்திரேலிய வகையைப் போலவே முதல் தரம். ஆறு வாரத்தில் அவருடைய முயல்கள் தீர்ந்தன. மதில் முயலைத் தடுத்தது, கிருமியைத் தடுக்கவில்லை. 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டு முயல்களில் சுமார் 90 விழுக்காடு அழிந்தன. வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1955இல் நீதிமன்றம் அவருக்கு 5,000 பிராங்க் அபராதம் விதித்தது. மறு ஆண்டு, மரக்கன்றுகளைக் காப்பாற்றினார் என்று வனத்துறையினர் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தனர்.

1953இல் நோய் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கென்ட் மாவட்டத்தில் தோன்றியது. பிரிட்டனில் அதைச் சுமந்தது கொசு அல்ல, முயல் தெள்ளு. இந்தத் தெள்ளைப் பற்றி ஒரு வார்த்தை: சினையுற்ற பெண் முயலின் இரத்தத்திலுள்ள ஹார்மோன் கிடைத்தால்தான் இதன் முட்டை முதிரும். முயல் குட்டி போட்டதும் தெள்ளுகள் குட்டிமீது தாவி வளைக்குள்ளேயே முட்டையிடுகின்றன. மிரியம் ராத்சைல்டு 1960களில் கண்டுபிடித்த இந்த உறவு, ஒட்டுண்ணி வாழ்வைத் தன் ஓம்புயிரின் நாள்காட்டியோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொள்ள முடியும் என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிக அழகான எடுத்துக்காட்டு. கொசு குறைவான பகுதிகளுக்கு நோயைக் கொண்டுசெல்ல ஆஸ்திரேலியா 1960களின் பிற்பகுதியில் இதே தெள்ளை இறக்குமதி செய்தது.

வேறு கண்டம், வேறு வைரஸ் வகை, வேறு கடத்தி. முடிவு மட்டும் ஒன்று: ஐரோப்பாவிலும் இடைப்பட்ட தரங்கள் மேலோங்கின, முயல்களின் எதிர்ப்புத்திறன் உயர்ந்தது. பிரிட்டனில் அது தெளிவாகப் பதிவானது 1970களில்தான்.

மரபணுவில் தேடல்

எதிர்ப்புத்திறன் பரம்பரையானது என்று 1958இலேயே தெரியும். எந்த மரபணு என்பது 2019 வரை தெரியாது. கேம்பிரிட்ஜின் பிரான்சிஸ் ஜிகின்ஸ், ஜோயெல் ஆல்வெஸ் முதலியோரும் போர்ச்சுகல் ஆய்வாளர்களும் அருங்காட்சியகங்களை நாடினர். நோய் வருவதற்கு முன் பிரிட்டன், பிரான்சு, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளிலும் சேகரித்து வைக்கப்பட்ட முயல் தோல்களிலும் எலும்புகளிலும் டி.என்.ஏ. எடுத்தார்கள். அந்தச் சேகரிப்பில் டார்வினுக்குச் சொந்தமாயிருந்த முயல் ஒன்றும் உண்டு. பழைய முயல்களின் மரபணுக்களை இன்றைய முயல்களோடு ஒப்பிட்டபோது, மூன்று நாடுகளிலும் ஒரே மரபணு வடிவங்கள் எண்ணிக்கையில் உயர்ந்திருந்தன.

தனித்தனியாக நடந்த மூன்று தேர்வுகள் ஒரே விடைக்கு எப்படி வந்தன? புதிதாக நேர்ந்த திடீர் மாற்றங்கள் மூன்று இடத்திலும் ஒன்றாக அமைவது அரிது. அந்த வடிவங்கள் நோய்க்கு முன்பே முயல் கூட்டத்தில் ஆங்காங்கே இருந்தவை. ஐரோப்பியக் கண்டத்து முயல் இடைக்காலத்தில் பிரிட்டனுக்குப் போனது. பிரிட்டன் முயல் 1859இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஆஸ்டினுடைய 24 முயல்களின் உடலிலேயே அந்தப் பழைய வேறுபாடுகள் கப்பலேறிவிட்டன. தேவை வந்தபோது தேர்வுக்குச் சரக்கு தயாராயிருந்தது. எதிர்ப்புத்திறன் ஏழே பருவத்தில் உயர்ந்த விந்தைக்கும் இதிலேயே விளக்கம் கிடைக்கிறது.

ஒரே ஒரு பெரிய மரபணு இந்த வேலையைச் செய்யவில்லை. நோய்த்தடுப்பு மண்டலத்தின் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களித்திருந்தன. அவற்றுள் ஒன்று, வைரஸ் நுழைந்ததும் செல்கள் எழுப்பும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்பெரானின் ஒரு வகை. தேர்வில் முன்னேறிய வடிவம் மிக்சோமா வைரசைக் கூடுதலாகத் தடுத்தது ஆய்வகத்தில் உறுதியானது. தொடர்பே இல்லாத வேறொரு வைரசையும் அது தடுத்தது. அரிவாள்செல் போன்ற ஒற்றை மரபணுப் பூட்டை ஒரு கிருமி ஒரே திடீர் மாற்றத்தால் திறந்துவிடக் கூடும். பல பூட்டுகள் போட்ட கதவை அப்படித் திறக்க முடியாது.

வைரசின் மறுமொழி

ஆனாலும் வைரஸ் முயன்றது. ஃபென்னரின் தர அட்டவணை மாறாத ஆய்வக முயலை வைத்துச் செய்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காட்டு முயல் தாங்கும் திறன் பெற்றபின், பழைய மூன்றாம் தர வைரஸ் அதன் தோலில் விரைவில் ஆறிவிடும். கொசுவுக்கு எதுவும் கிடைக்காது. காட்டு முயலில் வாரக்கணக்கில் கட்டியை நிறுத்திவைக்க, ஆய்வக முயலைச் சில நாளில் கொல்லுமளவு வீரியம் தேவை. தேர்வு இப்போது எதிர்த் திசையில் இழுத்தது. பிரிட்டனில் 1970களுக்குப் பிறகு வீரியம் மிகுந்த தரங்கள் கூடிவருவது பதிவாயிற்று.

ஆஸ்திரேலியாவில் பீட்டர் கெர் தலைமையிலான குழு 1990களில் சேகரித்த வைரஸ்களை ஆய்வக முயலில் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. சில வைரஸ்கள் முதல் தர வீரியத்தை எட்டியிருந்தன. நோயின் தோற்றமே மாறியிருந்தது. பழைய மிக்சோமட்டோசிசின் அடையாளமான கட்டிகள் குறைவு. மாறாக முயலின் நோய்த்தடுப்பு மண்டலம் சரிந்து, உடலெங்கும் பாக்டீரியா புகுந்து, குருதி நச்சேற்ற அதிர்ச்சியில் இறந்தது. முயல் வலுப்படுத்திய அரணையே குறிவைத்து அடிக்க வைரஸ் பழகியிருந்தது. காட்டு முயலில் அதே வைரஸ் நடுத்தர நோயாகவே தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் அடங்கிவிட்டதாகத் தோன்றும். 1950க்கு முன்பிருந்த முயல் இந்த வைரசுக்கு முன் நிற்காது.

கலிசி வைரஸ்

மிக்சோமாவின் பிடி தளர்ந்தபோது ஆஸ்திரேலியா இரண்டாவது கிருமியை நாடியது. 1984இல் சீனாவில் முதன்முதலாக அறியப்பட்ட முயல் இரத்தப்போக்கு நோயின் கலிசி வைரஸ், இரண்டு மூன்று நாளில் கல்லீரலை அழித்துக் கொல்லும். வார்டாங் தீவில் மீண்டும் சோதனை தொடங்கியது. 1995 அக்டோபரில் வைரஸ் தீவிலிருந்து தப்பி நிலப்பகுதியை அடைந்தது. ஈக்களே காரணம் எனக் கருதப்படுகிறது. மறு ஆண்டு அரசே அதை விட்டது.

இங்கே கணக்கு வேறு. கலிசி வைரசைச் சுமக்கும் ஈக்கள் செத்த முயலின் உடலில்தான் மொய்க்கின்றன. கொல்வதால் இந்த வைரசுக்கு நட்டமில்லை, லாபம்தான். ஆகவே முயல்களில் இதற்கும் எதிர்ப்புத்திறன் எழுந்தபோது வைரசின் வீரியம் தணியவில்லை. கூடியது என்று 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. கிருமி கடுமையாகுமா, தணியுமா என்பதை அது ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் வழியே முடிவு செய்கிறது. மிக்சோமாவை மட்டும் பார்த்து எல்லாக் கிருமிகளுக்கும் விதி எழுதியவர்கள் தவறியது இந்த இடத்தில்தான். 2015இல் கலிசி வைரசின் வேறொரு வகை ஆஸ்திரேலியாவில் தென்பட்டுச் சில ஆண்டுகளில் பழையதைப் பின்னுக்குத் தள்ளியது.

வேறு இனத்துக்குத் தாவல்

மிக்சோமா வைரசும் குழிமுயலோடு நிற்கவில்லை. 2018 கோடையில் தென் ஸ்பெயினில், வளை தோண்டாமல் வயல்வெளியில் வாழும் ஐபீரிய வயல்முயல்கள் இமை வீங்கிச் சாகத் தொடங்கின. இந்த இனத்தில் மிக்சோமட்டோசிஸ் அதுவரை பெரிய அளவில் கண்டதில்லை. அவற்றிலிருந்து எடுத்த வைரசின் மரபுத்தொகுதியில், வேறொரு அம்மை வைரசிலிருந்து வந்த சுமார் 2,800 எழுத்து நீளத் துண்டு சேர்ந்திருந்தது. ஒரே பருவத்தில் நோய் ஸ்பெயினின் பல மாகாணங்களுக்கும் போர்ச்சுகலுக்கும் பரவியது. 1950இன் குழிமுயலைப் போலவே இந்த வயல்முயலும் முன்னனுபவம் இல்லாமல் கிருமியைச் சந்தித்திருக்கிறது. நோய்க்கு முந்தைய காலத்து வயல்முயல் மாதிரிகளும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒப்பீட்டுக்கு அவை பயன்படும்.